மொட்டை மாடியில் 50 காடை: எதை முதலில் வாங்குவது?

கேள்வி: சென்னை கொளத்தூரில் அம்மாவுடன் சொந்த வீட்டில் இருக்கிறேன். மொட்டை மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம், மேலே தகர ஷீட் போட்டிருக்கிறது. வீட்டுக்கும் தெருவில் நாலைந்து வீட்டுக்கும் முட்டை கிடைக்கிற மாதிரி 50 காடை வளர்க்க ஆசை. முதலில் முட்டையைப் பொரிக்க வைக்கும் ஒரு இன்குபேட்டர் வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். அது சரியா? வேறு என்னென்ன சாமான் தேவைப்படும்? யாரிடம் போய்க் கற்றுக்கொள்வது?

பதில்:

இன்குபேட்டரை இப்போது வாங்காதீர்கள். ஒரு வருடம் கழித்து, தேவைப்பட்டால் வாங்கலாம். அந்தப் பணத்தைக் கூண்டிலும், தண்ணீர்க் குழாயிலும், அந்தத் தகர ஷீட்டின் சூட்டைக் குறைப்பதிலும் போடுங்கள். நான் 2014-லிருந்து திருவொற்றியூரில் மாடியில் காடை வளர்க்கிறேன். சென்னையில் காடையைக் கொல்வது வெயில், உப்புத் தண்ணீர், பெருச்சாளி, கரண்ட் கட் இந்த நான்கும்தான். எந்தச் சாமானைப் பார்த்தாலும் இந்த நான்கில் எதைச் சமாளிக்க இது உதவும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். எதற்கும் உதவாது என்றால் அது அவசரச் செலவு இல்லை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நாம் வளர்ப்பது ஜப்பானியக் காடை. 6, 7 வாரத்தில் முட்டைக்கு வரும். நல்ல பராமரிப்பில் வருடத்துக்கு 250 முட்டைக்கு மேல் இடும். ஒரு முட்டை 10 முதல் 12 கிராம். வளர்ந்த காடை ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் தீவனம் தின்னும். ஆக 50 பறவைக்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ, மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மூட்டை. ஐம்பதும் பெட்டையாக இருந்தால் நாளுக்கு 35, 40 முட்டை எதிர்பார்க்கலாம். எடையில் பார்த்தால் அது ஏழெட்டுக் கோழி முட்டைக்குச் சமம். இதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் பின்னால் ஏமாற்றம் இருக்காது. வீட்டுக்கும் நாலு வீட்டுக்கும் என்கிறீர்கள், அதற்கு இது தாராளம்.

இன்னொன்று, முட்டை சாப்பிட மட்டும் என்றால் ஆண் காடையே தேவையில்லை. பெட்டை தானாகவே முட்டை இடும். ஆண்கள்தான் விடியற்காலையில் தொண்டை கிழியக் கத்தும், ஒன்றையொன்று தலையில் கொத்தும். பக்கத்து வீட்டோடு சண்டை வருவதும் பெரும்பாலும் அவற்றால்தான். 3 வாரம் தாண்டிய பறவையில் மார்பைப் பார்த்தே பிரித்துவிடலாம். மார்பு சீராகச் செங்கல் நிறத்தில் இருந்தால் ஆண், வெளிர் நிறத்தில் கறுப்புப் புள்ளி தெளித்தது போல் இருந்தால் பெட்டை. அதனால் ஒரு நாள் குஞ்சாக வாங்காமல், 4 வாரப் பெட்டைகளாகக் கேட்டு வாங்குங்கள். இன்குபேட்டர், குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் புரூடர் இரண்டுமே தேவைப்படாது. குஞ்சுப் பருவ இறப்பும் உங்கள் தலையில் விழாது.

சரி, கூண்டுக்கு வருவோம். இதில்தான் கஞ்சத்தனம் கூடாது.

கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சியில் சொல்லும் அளவு, 4 அடி நீளம் இரண்டரை அடி அகலக் கூண்டுக்கு 50 வளர் காடை, அதாவது சதுர அடிக்கு ஐந்து. மாடியில், தகரத்துக்குக் கீழே, நான் அந்த நெருக்கத்தில் வைக்க மாட்டேன். அதே அளவில் இரண்டு கூண்டு செய்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் 25 விடுங்கள். மே மாதத்தில் அந்தக் கூடுதல் இடம்தான் உயிரைக் காப்பாற்றும். மூன்றாவது அடுக்கு வேண்டாம். தகரத்துக்குப் பக்கத்தில் போகப் போகச் சூடு ஏறும்.

உயரம் 10 அங்குலம் போதும். பறவைக்கு நிறைய உயரம் கொடுப்பது நல்லது என்றுதான் எல்லோரும் நினைப்போம். காடை விஷயத்தில் அது தவறு. பயந்தால் அது ஓடாது, செங்குத்தாக மேலே எழும்பும். ஒன்றரை அடி, இரண்டடி உயரம் இருந்தால் வேகமெடுத்துப் போய்க் கம்பியில் மண்டையை இடித்துக்கொள்ளும். தலைத் தோல் உரிந்து, சில சமயம் கழுத்தே முறியும். 10 அங்குலத்தில் அந்த வேகம் எடுக்க இடமில்லை. அதிலும் கூரைக்குக் கம்பி வலையே வேண்டாம், நைலான் வலையை இழுத்துக் கட்டி, அதற்கு மேலே ஒரு கை தள்ளி எலி வராத கம்பி வலை போடுங்கள். இடித்தாலும் துணியில் இடித்த மாதிரி இருக்கும்.

தரைக்கு அரை அங்குலக் கட்டம் போட்ட வெல்டு மெஷ், அதாவது வெல்டிங் வைத்த கம்பி வலை. கால் நழுவாது, எச்சம் கீழே விழும். பின்பக்கத்தை விட முன்பக்கம் லேசாகத் தாழ்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் முட்டை உருண்டு வெளியே வந்து நிற்கும், மிதிபடாது. முன்பக்கம் ஒரு அங்குல இடைவெளி விட்ட கம்பி, தலையை நீட்டித் தீவனம் தின்ன. அதைவிட அகலம் விட்டால் உடம்பையே நுழைத்து வெளியே வந்துவிடும்.

வலை வாங்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். கொஞ்சம் பஞ்சு எடுத்துப் போங்கள். வலையை விரித்து அதன் மேல் பஞ்சை மெதுவாக இழுங்கள். கம்பியும் கம்பியும் சேரும் முடிச்சுகளில் பஞ்சு இழை இழையாக மாட்டிக்கொண்டால் அந்த வலை வேண்டாம். அங்கேதான் காடையின் பாதம் கிழியும். கிழிந்த இடத்தில் எச்சம் பட்டுப் புண்ணாகி, பாதம் பட்டாணி மாதிரி வீங்கிவிடும். பஞ்சு வழுக்கிக்கொண்டு போனால் நல்ல வலை. அப்புறம் கடைக்காரரிடம், வெல்டிங் வைத்த பிறகு துத்தநாகத்தில் முக்கியதா, கம்பியை முக்கிவிட்டு வெல்டிங் வைத்ததா என்று கேளுங்கள். முதல் வகையில் முடிச்சும் மூடப்பட்டிருக்கும். இரண்டாவது வகையை வாங்கி, கடற்காற்றில் இரண்டே வருடத்தில் முடிச்சுகள் எல்லாம் துருப்பிடித்துத் தரை உதிர்ந்ததை நான் பார்த்துவிட்டேன். கொளத்தூர் கடலுக்குச் சற்றுத் தள்ளி இருந்தாலும் எச்சத்தின் காரமே துருவுக்குப் போதும். பாரிமுனையில் இரும்புச் சாமான் கடைகள் இருக்கும் தெருக்களில் ரோலாகவும் வெட்டியும் தருவார்கள். வீட்டிலேயே வெட்டி, சி-கிளிப் போட்டு இணைத்துவிடலாம், வெல்டிங் கடைக்குப் போகத் தேவையில்லை.

பெருச்சாளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2015-இல் ஒரு மழை இரவு. கூண்டு தரையிலிருந்து முக்கால் அடி உயரத்தில்தான் இருந்தது. காலையில் போய்ப் பார்த்தபோது கதவு திறக்கவில்லை, வலை எங்கும் அறுபடவில்லை, ஆனால் ஒன்பது காடைக்குக் கால் இல்லை. கீழே நின்றுகொண்டு, அரை அங்குலக் கட்டத்துக்குள் தொங்கிய விரல்களைக் கடித்து இழுத்திருக்கிறது. சில பறவைகள் அப்போதும் உயிரோடு இருந்தன. அந்தக் காலையை நான் மறக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கூண்டு தரையிலிருந்து குறைந்தது இரண்டரை அடி உயரத்தில் இருக்கட்டும். கால்கள் வழவழப்பான இரும்புக் குழாயாக இருக்கட்டும், ஒவ்வொரு காலுக்கும் நடுவில் தலைகீழான புனல் மாதிரி ஒரு தகரக் கூம்பு. கீழே எச்சம் விழும் தட்டுக்கும் தரை வலைக்கும் இடையே பக்கவாட்டில் கால் அங்குல வலை அடித்துவிடுங்கள். கூண்டைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வையுங்கள். சிந்திய தீவனத்தை மாலையிலேயே கூட்டிவிடுங்கள், வாசனை இல்லாவிட்டால் அது தேடி வராது. பூனைக்கும் காக்கைக்கும் இதே ஏற்பாடு போதும். இரவில் ஷீட்டைச் சுற்றி ஒரு படுதா இருந்தால் பறவைகள் பூனையைப் பார்த்தே மிரளாது.

எச்சத் தட்டு ஒவ்வொரு கூண்டுக்கும் ஒன்று. பிளாஸ்டிக் போர்டு போதும், இரும்பு வேண்டாம். அதில் ஒரு விரல் கனத்துக்குத் தென்னை நார்த்தூள் பரப்பினால் ஈரத்தை உறிஞ்சி நாற்றத்தை அடக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றுங்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் தினமும். அம்மோனியா நாற்றம் உங்கள் மூக்குக்கு எட்டுகிறது என்றால் பறவையின் நுரையீரல் ஏற்கெனவே கஷ்டப்படுகிறது என்று அர்த்தம். எடுத்த எச்சம் காய்ந்த இலையோடு மக்கினால் மாடித் தோட்டத்துக்கு அருமையான உரம். பச்சையாகச் செடிக்குப் போடாதீர்கள், வேர் கருகிவிடும்.

தண்ணீருக்கு நிப்பிள் (பறவை கொத்தினால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் குழாய் முனை) வாங்குவதா, கிண்ணம் வைப்பதா என்பது எப்போதும் வரும் கேள்வி. கிண்ணத்தில் எச்சமும் தீவனமும் விழும், வெயிலில் இரண்டு மணி நேரத்தில் கெட்டுப்போகும், கொசு முட்டையிடும். நான் நிப்பிள் பக்கம்தான், அதன் கீழே சின்னக் குவளை உள்ள வகை. ஆனால் சென்னை போர் தண்ணீரில் உப்பு அதிகம். நிப்பிள் முனையில் வெள்ளையாக ஒரு பொருக்குப் படியும், மூன்று வாரத்தில் ஊசி அசையாது. பறவை கொத்திக் கொத்திப் பார்க்கும், தண்ணீர் வராது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். அதனால் தினமும் காலையில் ஒவ்வொரு நிப்பிளையும் விரல் நுனியால் தொடுங்கள், ஒரு சொட்டு விரலில் உருண்டு நிற்க வேண்டும். 50 பறவைக்குப் பத்து நிப்பிள், ஒரு நிமிட வேலை. மாதம் ஒரு முறை கழற்றி வினிகரில் ஊற வையுங்கள். குடிக்க விடுவது மெட்ரோ தண்ணீராக இருந்தால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

தொட்டி பற்றி யாரும் சொல்வதில்லை. மாடியிலுள்ள கறுப்புத் தொட்டித் தண்ணீர் சித்திரை மதியத்தில் கை வைக்க முடியாமல் சுடும். காடை வெந்நீரைக் குடிக்காது, குடிக்காத பறவை வெயிலில் ஒரு மணி நேரம் தாங்காது. 20 லிட்டர் மூடி போட்ட வாளியைக் கூண்டுக்கு இரண்டடி மேலே நிழலில் வைத்து, ஈரக் கோணிச் சாக்கைச் சுற்றிவிடுங்கள். கூண்டுக்குப் போகும் குழாயையும் அப்படியே சுற்றுங்கள். மண்பானைத் தண்ணீர் மாதிரி குளிர்ச்சியாக இருக்கும். வெயில் காலத்தில் காலையிலும் பிற்பகலிலும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

இப்போது உங்கள் தகர ஷீட். உள்ளபடி சொன்னால், அதை அப்படியே விட்டு அதன் கீழே காடை வளர்க்கக் கூடாது. மீனம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. அவ்வளவு போகாவிட்டாலும் அக்னி நட்சத்திரத்தில் 40 சாதாரணம், தகரத்துக்குக் கீழே அதைவிடக் கூடுதல். 35-ஐத் தாண்டினாலே காடை வாயைத் திறந்து மூச்சு வாங்கும், இறக்கையை உடம்பிலிருந்து விலக்கித் தொங்கவிடும். முட்டை ஓடு மெலியும், அப்புறம் முட்டையே நிற்கும். ஷீட்டின் மேல் வெள்ளைக் குளிர்ச்சிப் பெயின்ட் இரண்டு கோட் அடியுங்கள். அதற்குமேல் தென்னங்கீற்று பரப்பி, புயல் காற்றுக்குப் பிய்த்துக்கொண்டு போகாத மாதிரி கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். மேற்குப் பக்கம் மட்டும் பச்சை நிழல்வலை. கிழக்குப் பக்கத்தை அடைக்கவே அடைக்காதீர்கள், மதியத்துக்கு மேல் கடற்காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். ஒரு நல்ல மேசை விசிறியோ சுவர் விசிறியோ கூண்டின் நீளவாக்கில் காற்று ஓடுகிற மாதிரி வையுங்கள்.

பனிப்புகை மாதிரி தண்ணீர் தெளிக்கும் ஃபாகர் வாங்கச் சொல்லி நிறையப் பேர் ஆலோசனை தருவார்கள். கோயம்புத்தூர், நாமக்கல் பக்கம் காற்று வறண்டிருக்கும், அங்கே அது நன்றாக வேலை செய்யும். நம் ஊரில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கிறது. தெளித்த தண்ணீர் ஆவியாகாமல் இறகிலும் தீவனத்திலும் படிந்து புழுக்கத்தைத்தான் கூட்டும். அந்தப் பணத்துக்கு இரண்டாவது விசிறியும் ஒரு சின்ன இன்வெர்ட்டரும் வாங்கிவிடலாம். பறவையின் தலை உயரத்தில் ஒரு தெர்மாமீட்டர் தொங்கட்டும். மே மாதத்தில் மதியம் 11 முதல் 4 வரை தீவனத்தை எடுத்துவிட்டு, விடியலிலும் மாலையிலும் கொடுங்கள். செரிமானத்தில் உண்டாகும் சூடு அந்த நேரத்தில் குறையும்.

தீவனம். இதில் ஒரு பெரிய தவறு, முட்டைக் கோழிக்கான லேயர் தீவனத்தை அப்படியே போடுவது. அதில் புரதம் சுமார் 16 முதல் 18 சதவீதம்தான். முட்டையிடும் காடைக்கு 20 முதல் 22 வேண்டும். குஞ்சுக்கு இன்னும் அதிகம், முதல் 3 வாரம் 24 முதல் 27. மூட்டையில் அச்சிட்ட புரத அளவைப் படித்துவிட்டு வாங்குங்கள். காடைத் தீவனம் என்றே கிடைத்தால் நல்லது. கிடைக்காத மாதம் கறிக்கோழிக் குஞ்சுக்கான பிராய்லர் ஸ்டார்ட்டர் தீவனத்தை வாங்கி, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தேவைப்படும் பெட்டை தானே வந்து தின்னும். குஞ்சுகளுக்கு லேயர் தீவனம் கூடாது, அந்தச் சுண்ணாம்புச் சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். சென்னை ஈரக்காற்றில் மூட்டை சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை நஞ்சு காடையின் ஈரலை நேராகத் தாக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டிரம், கீழே ஒரு பலகை, ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்து வைக்காத பழக்கம், இந்த மூன்றும் போதும். கையில் எடுத்துப் பிசைந்தால் கட்டியாக ஒட்டுகிறதா, ஈர மண் வாசனை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

தீவனத் தொட்டி நீளமாக, உள்பக்கமாக மடங்கிய விளிம்போடு இருக்க வேண்டும். காடை அலகால் பக்கவாட்டில் தள்ளித் தள்ளித் தின்னும் பறவை. விளிம்பு நேராக இருந்தால் கால்வாசித் தீவனம் தரையில் கிடக்கும். தீவனத்தின் மேல் அரை அங்குல வலைத் துண்டு ஒன்றை வெட்டிப் படுக்கப் போட்டால் தள்ளவே முடியாது. என்னிடமுள்ள சாமான்களில் விலை குறைந்ததும் அதிகம் மிச்சம் பிடித்ததும் அந்தத் துண்டு வலைதான்.

வெளிச்சத்தை மறந்துவிடாதீர்கள். முட்டையிடும் காடைக்கு ஒரு நாளில் 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும். சென்னையில் ஜூன் மாதத்திலேயே பகல் 13 மணி நேரத்தைத் தொடாது, டிசம்பரில் பதினொன்றரைக்கும் கீழே. மார்கழியில் முட்டை நின்றுபோனது என்று கவலைப்படுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தேவை ஒரு 5 வாட் எல்.இ.டி. பல்பும் ஒரு டைமர் பிளக்கும்தான். கூடுதல் வெளிச்சத்தை விடியலுக்கு முன்னால் கொடுங்கள். மாலையில் பட்டென்று விளக்கு அணைந்தால் இருட்டில் மிரண்டு எழும்பும்.

ஒரு மணல் பெட்டி கட்டாயம் வையுங்கள். வாரத்தில் இரண்டு நாள், ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவில் சலித்த ஆற்று மணல் நாலு விரல் கனத்துக்குப் போட்டுக் கூண்டுக்குள் வையுங்கள். முதலில் ஒன்று வந்து அலகால் கிளறும். அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு இறக்கையை விசிறி மாதிரி விரித்து, மணலை முதுகில் வாரி இறைக்கும். ஐந்து நிமிடத்தில் நாலைந்து பறவை ஒன்றன் மேல் ஒன்று கிடந்து, கண்ணை மூடிக்கொண்டு புரளும். பேனும் செள்ளும் வராமல் இருக்க இதைவிட நல்ல மருந்து நான் பார்க்கவில்லை. முப்பது நிமிடத்தில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதிலேயே முட்டையிட்டுவிடும்.

பின்னால் எப்போதாவது குஞ்சு எடுக்க நினைத்தால் இவை நினைவில் இருக்கட்டும். வளர்ப்புக் காடை அடை காக்காது, தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வளர்ந்து அந்தப் பழக்கம் போய்விட்டது. ஆகவே இன்குபேட்டர்தான் வழி. மூன்று, நான்கு பெட்டைக்கு ஒரு ஆண். 37.5 டிகிரி, முதல் 14 நாள் முட்டையைத் திருப்ப வேண்டும், 17 அல்லது 18-ஆம் நாள் பொரியும். கடைசி மூன்று நாள் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். ரிச்சி தெருவில் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் ஈரப்பதம் காட்டும் ஈரமானியும் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அவை காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். வீட்டிலிருக்கும் காய்ச்சல் தெர்மாமீட்டரை உள்ளே வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், 37.5-க்கு அதைவிட நம்பகமான கருவி உங்கள் வீட்டில் இருக்காது. ஈரமானிக்கு ஒரு சோதனை உண்டு. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்து இறுக்கமான பிளாஸ்டிக் கவருக்குள் எட்டு மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் அது எப்போதும் 7 குறைத்துக் காட்டுகிறது என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது என் இன்குபேட்டரில் 13 நாள் ஆன 96 முட்டை இருந்தது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர நான்கு நாள் ஆனது. கம்பளி சுற்றினேன், வெந்நீர் பாட்டில் வைத்தேன், ஒன்றும் பிழைக்கவில்லை. உடைத்துப் பார்த்தபோது இறகுப் புள்ளியோடு முழு உருவம் வந்திருந்தது. அன்று முதல் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நான் முட்டை வைப்பதில்லை. இன்வெர்ட்டர் இல்லாமல் இன்குபேட்டர் வாங்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் அதுதான் காரணம்.

குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். எல்.இ.டி. பல்பு சூடு தராது, பழைய குண்டு பல்போ செராமிக் ஹீட்டரோ வேண்டும். எண்ணைப் பார்ப்பதை விடக் குஞ்சைப் பாருங்கள். பல்புக்குக் கீழே குவிந்து கீச்சிட்டால் குளிர்கிறது, ஓரத்தில் ஒதுங்கி வாயைத் திறந்தால் சுடுகிறது, பரவலாகப் படுத்து உறங்கினால் சரி. தரைக்குச் செய்தித்தாள் வேண்டாம், வழுக்கிக் கால் இரண்டும் விரிந்து ஊனமாகிவிடும், கோணித் துணி விரியுங்கள். தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டு நிரப்புங்கள். ஒரு நாள் குஞ்சு எட்டு கிராம்தான் இருக்கும், அரை அங்குலத் தண்ணீரிலேயே மூழ்கிச் செத்துவிடும். சொந்தப் பறவையின் குஞ்சுகளையே மறுபடி மறுபடி இணை சேர்க்காதீர்கள். காடைக்கு நெருங்கிய ரத்தக் கலப்பு சீக்கிரம் காட்டிக்கொடுக்கும், பொரிப்பு சரிந்துவிடும்.

கற்றுக்கொள்ள நீங்கள் எங்கும் தொலைவு போக வேண்டாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடமே உங்களுக்குப் பக்கத்தில், மாதவரம் பால்பண்ணையில் இருக்கிறது. கோழியின ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான். அதன் பழைய இடம் நந்தனம் என்பதால்தான் நந்தனம் காடை என்ற ரகத்துக்கு அந்தப் பெயரே வந்தது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்த ரகம் நாமக்கல் காடை. காடை வளர்ப்புப் பயிற்சி நடக்கும் தேதியை நேரில் போய்க் கேட்டுப் பெயர் கொடுத்துவிட்டு வாருங்கள். தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் வசதி. வெறும் புத்தக அறிவைவிட அங்கே கூண்டைத் தொட்டுப் பார்ப்பது பெரிது, அளவெடுக்க ஒரு டேப்பும் கொண்டு போங்கள். உழவர் அழைப்பு மையம் 1800-180-1551-இல் தமிழிலேயே கேள்வி கேட்கலாம். வேளாண் பல்கலைக்கழக இணையதளத்திலும் காடை பற்றித் தமிழ்ப் பக்கங்கள் உண்டு.

பறவைக்கு நோய் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஒன்றிரண்டு திடீரென்று செத்தால் தூக்கி எறியாதீர்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஐஸ் கட்டி சுற்றி வைத்து, அன்றைக்கே மாதவரத்துப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்குக் கொண்டு போங்கள். அறுத்துப் பார்த்து, குடலில் புண்ணா, ரத்தக் கழிச்சலா என்று சொல்லிவிடுவார்கள். கடைக்காரர் கொடுக்கும் மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவதை விட இது எவ்வளவோ மேல். கோழியும் காடையும் ஒரே இடத்தில் வேண்டாம், கோழிக்கு லேசாக வந்து போகும் நோய் காடையைக் கூண்டோடு கொண்டு போய்விடும்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய விசிறி, ரேக், வாளி எல்லாம் நன்றாகக் கிடைக்கும், நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் சந்தையில் பறவை வாங்காதீர்கள், பல ஊர்ப் பறவைகள் ஒரே கூடையில் நோயைப் பரிமாறிக்கொண்டிருக்கும். காட்டுக் காடை என்று யாராவது கொடுத்தால் தொடவே வேண்டாம். அதைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குஞ்சும் கூண்டும் நாங்களே தருகிறோம், முட்டையை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று பெரிய தொகை கேட்பவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் கவிழ்ந்தபோது நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய குடும்பங்கள் தெருவில் நின்றன. கூண்டை நீங்களே செய்யுங்கள், பறவையைப் பார்த்து வாங்குங்கள், முட்டையைத் தெருவிலேயே கொடுங்கள்.

நேரமும் முக்கியம். தை மாதம் தொடங்குங்கள். மழை ஓய்ந்திருக்கும், வெயில் வர இரண்டு மாதம் இருக்கும், அதற்குள் பறவையும் நீங்களும் பழகிவிடலாம். மார்கழிக்குள் கூண்டு, கூம்பு, குழாய், விசிறி, டைமர் எல்லாவற்றையும் பொருத்தி, காலிக் கூண்டை ஒரு வாரம் ஓடவிட்டுப் பாருங்கள். நிப்பிள் ஒழுகுகிறதா, ராத்திரி எலி எந்தப் பக்கம் ஏறப் பார்க்கிறது, மதியம் தெர்மாமீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்பதெல்லாம் அந்த வாரத்தில் தெரிந்துவிடும். பறவைகளைக் காலை ஏழு மணிக்குள், பக்கங்களில் ஓட்டை போட்ட தாழ்வான அட்டைப் பெட்டியில் கொண்டு வாருங்கள். வந்ததும் தீவனம் வேண்டாம். நாலைந்து பறவையின் அலகை நிப்பிளில் மெதுவாகத் தொட்டுக் காட்டிவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். ஒன்று குடித்தால் மற்றது பார்த்துக் குடிக்கும். எல்லாம் குடித்த பிறகு, ஒரு மணி நேரம் கழித்துத் தீவனத் தொட்டியை மாட்டுங்கள்.